நீலம், ஊதா, சிவப்பு: அந்த மூணு கோட்டுக்குப் பின்னாடி என்ன இருக்கு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட் விடுற நேரத்துல ஜி.என்.டி. ரோட்டுல ஓரமா நின்னு வண்டிகளைப் பாருங்க. ஸ்ப்ளெண்டர் டேங்க்ல, பல்சர் வைசர்ல, ஸ்விஃப்ட் பம்பர்ல, ஷேர் ஆட்டோ கண்ணாடியில கூட சாய்வா மூணு கோடு ஒட்டியிருக்கும். வெளிர் நீலம், கரு நீலம், சிவப்பு. எளாவூர் செக்போஸ்ட்ல வரிசையில நிக்கிற லாரிகளோட மட்ஃபிளாப்லயும் இதே கோடுதான். "இது என்னப்பா?"ன்னு கேட்டா பத்துல ஒன்பது பேர் "ரேசிங் ஸ்ட்ரைப், செம்ம கெத்து"ன்னு சொல்வாங்க. ஒருத்தர் "பிஎம்டபிள்யூ எம்"னு சரியா சொல்வார். ஆனா ஏன் மூணு கோடு, ஏன் இந்த மூணு நிறம், சரியான நிறம்னு யார் முடிவு பண்றாங்க? இதுக்கெல்லாம் பதில் சொல்ற ஆள் கிடைக்கிறது கஷ்டம்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கு. நம்ம காலேஜ் ஏ.டி.வி. டீம்ல இந்த வருஷம் வண்டியைக் கையில எடுக்கப்போற மூணாம் வருஷத் தம்பி தங்கச்சிங்க, பாடி பேனல்ல இந்த மூணு கோட்டையே ஒட்டிடலாம்னு பேசிட்டு இருக்காங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

முதல்ல நாட்டோட நிறம், அப்புறம் காசு கொடுத்தவரோட நிறம்

ரேஸ் கார்ல நிறத்துக்கு அர்த்தம் வந்தது 1900-ல. அப்போ ஐரோப்பாவுல கோர்டன் பென்னெட் கோப்பைன்னு ஒரு போட்டி ஆரம்பிச்சாங்க. நாடுகளுக்கு இடையில நடந்த போட்டி அது. தூசி பறக்குற மண் ரோட்டுல எந்த வண்டி எந்த நாட்டோடதுன்னு தெரியணும் இல்லையா? அதனால ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம் கொடுத்தாங்க. ஃபிரான்ஸுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளை, பெல்ஜியத்துக்கு மஞ்சள். இத்தாலிக்குச் சிவப்பு கொஞ்சம் பின்னாடி வந்துச்சு. 1903-ல போட்டி அயர்லாந்துல நடந்தப்போ பிரிட்டன் வண்டிகள் பச்சை நிறத்துல ஓடின. இன்னைக்கும் "பிரிட்டிஷ் ரேசிங் கிரீன்"னு சொல்றோமே, அதோட வேர் அங்கதான். ஃபெராரி சிவப்பா இருக்குறதும் இந்த வழியில வந்ததுதான். ஃபெராரிங்கிறதுக்காக இல்ல, இத்தாலிங்கிறதுக்காக.

கோடு எங்கிருந்து வந்துச்சு? அமெரிக்காவுக்குக் கிடைச்ச நிறங்கள் வெள்ளையும் நீலமும். பழைய ரேஸ் கார்ல சேஸிஸ் ரெயில் ரெண்டும் வெளியில தெரியும். அதை நீலமாவும், பாடியை வெள்ளையாவும் அடிச்சாங்க. பின்னாடி பாடி டிசைன் மாறி சேஸிஸ் உள்ள மறைஞ்சு போச்சு. அப்போ நீலத்தை எங்க காட்டுறது? பாடியோட மேல, முன்னாலிருந்து பின்னால வரைக்கும் ரெண்டு நீலக் கோடா இழுத்துட்டாங்க. 1950-கள்ல பிரிக்ஸ் கன்னிங்ஹாம் தன்னோட கார்களை லீ மான்ஸ் போட்டிக்கு இப்படித்தான் கொண்டுபோனார். 1965-ல ஷெல்பி ஜிடி350 ரோட்டுக்கு வந்தப்போ அதே வெள்ளை மேல நீலக் கோடு. நம்ம ஊர்ல ஆல்ட்டோ பானெட் மேல ரெட்டைக் கோடு போட்டுட்டுப் போறவர் தனக்குத் தெரியாமலே அந்தக் காலத்துச் சேஸிஸ் ரெயிலைத்தான் வரைஞ்சு வெச்சிருக்கார்.

1968-ல கதை மாறுச்சு. ஃபார்முலா ஒன்ல ஸ்பான்சர் நிறங்களுக்கு வழி திறந்துச்சு. பச்சையா ஓடிட்டு இருந்த லோட்டஸ் டீம் ஒரு சிகரெட் கம்பெனியோட சிவப்பு, வெள்ளை, தங்க நிறத்துக்கு மாறிடுச்சு. இதே காலத்துல ஜான் வையர் டீமோட ஃபோர்டு ஜிடி40, கல்ஃப் ஆயில் கம்பெனியோட வெளிர் நீலம், ஆரஞ்சு நிறத்துல 1968, 1969 ரெண்டு வருஷமும் லீ மான்ஸ் ஜெயிச்சுது. அதாவது நாடு போய், காசு கொடுக்குறவர் வந்தாச்சு.

1972: மூணு கோடு பிறந்த கதை

இந்த நேரத்துலதான் 1972-ல பிஎம்டபிள்யூ தன்னோட ரேசிங் வேலைக்குன்னே தனியா ஒரு கம்பெனி ஆரம்பிச்சுது. பேர் பிஎம்டபிள்யூ மோட்டார்ஸ்போர்ட். தலைமைக்கு வந்தவர் ஜோகன் நீர்பாஷ். அவர் அதுவரைக்கும் ஃபோர்டு ரேசிங்ல இருந்தவர். அவருக்கு ஒரு விஷயம் தெளிவா இருந்துச்சு: காரு மட்டும் இல்ல, லாரி, டிரைவரோட உடை, மெக்கானிக்கோட ஓவரால் எல்லாத்துலயும் ஒரே அடையாளம் தெரியணும். தூரத்துலேர்ந்து பார்த்தாலே "அவங்கதான்"னு சொல்லணும்.

வெள்ளை பாடி மேல மூணு கோடு வந்துச்சு. நீலம், ஊதா, சிவப்பு. கவனிங்க, நடுவுல இருந்தது கரு நீலம் இல்ல, ஊதா. நீலம் பிஎம்டபிள்யூவோட நிறம். சிவப்பு எதுக்குன்னு கேட்டா இன்னைக்குக் கம்பெனி சொல்ற பதில் "மோட்டார்ஸ்போர்ட்". நடுவுல இருக்குற ஊதா ரெண்டும் கலந்த நிறம். சின்ன வயசுல வாட்டர் கலர்ல நீலத்தையும் சிவப்பையும் கலந்திருப்பீங்களே, அதேதான்.

ஆனா சிவப்புக்குப் பின்னாடி இன்னொரு கதை இருக்கு. அந்த நேரத்துல டெக்சகோங்கிற அமெரிக்க ஆயில் கம்பெனியைக் கூட்டாளியா சேர்க்கப் பேச்சு நடந்துச்சு. டெக்சகோவோட நிறம் சிவப்பு. அதனால கோட்டுல சிவப்பு வந்துச்சுன்னு சொல்லுவாங்க. கடைசியில டீல் நடக்கல. டெக்சகோ 1974-ல மெக்லாரன் டீம் பக்கம் போயிடுச்சு, அந்த வருஷம் எமர்சன் ஃபிட்டிபால்டி அந்தக் கார்ல உலக சாம்பியனும் ஆயிட்டார். வராத ஸ்பான்சரோட நிறம் மட்டும் இங்க தங்கிடுச்சு.

1973-ல இந்தக் கோடுகளோட 3.0 சிஎஸ்எல் கார் ஓடுச்சு. அந்த வருஷம் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன்ஷிப்பை டோய்ன் ஹெசெமன்ஸ் ஜெயிச்சது இந்தக் கார்லதான். ஜெயிச்ச பிறகுதான் கோட்டுக்கு மதிப்பு வந்துச்சு. 1978-ல எம்1, 1980-கள்ல எம்5, எம்3-ன்னு ரோட்டுல ஓடுற கார்களுக்கும் அந்த மூணு நிறம் வந்துச்சு. வருஷம் போகப்போக நடுவுல இருந்த ஊதா கருத்து, கரு நீலமா மாறிடுச்சு. இப்போ நாம பார்க்குற ஸ்டிக்கர் எல்லாம் இந்தக் கரு நீலக் காலத்தோடது. 2022-ல 50-வது வருஷம் கொண்டாடினப்போ பழைய ஊதா நிறச் சின்னத்தை விருப்பம் இருக்குறவங்க ஆர்டர் பண்ணி வாங்கலாம்னு அறிவிச்சாங்க. அதனால யாராவது ஒரு கார்ல ஊதாக் கோடு பார்த்துட்டு "டூப்ளிகேட்"னு சிரிக்காதீங்க. அதுதான் ஒரிஜினல்.

நம்ம ஊர்ப் பக்கம்

இது ஏதோ மியூனிக் சமாச்சாரம்னு நினைக்க வேண்டாம். செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில பிஎம்டபிள்யூவோட ஆலை 2007-லேர்ந்து ஓடுது. 2021 மார்ச்ல வந்த எம்340ஐ, இந்தியாவுல அசெம்பிள் ஆன முதல் 'எம்' கார். 3 லிட்டர், வரிசையா ஆறு சிலிண்டர், 387 குதிரைத்திறன். அந்தச் சின்னத்தைப் பொருத்துறது தமிழ்நாட்டுக் கைகள்.

ஓசூர்ல டிவிஎஸ் 2013-லேர்ந்து பிஎம்டபிள்யூவோட கூட்டு. அங்க தயாராகுற ஜி 310 ஆர்ஆர் பைக் 2022-ல வந்தப்போ அதுலயும் வெள்ளை மேல நீலமும் சிவப்பும் இருந்துச்சு.

எளாவூர்லேர்ந்து சென்னை போற வழியில இருக்குற சோழவரத்தை மறக்கக் கூடாது. ரெண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்துல பல வருஷம் கார், பைக் ரேஸ் நடந்துச்சு. நடத்தினது 1953-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். பிறகு 1990-ல இருங்காட்டுக்கோட்டைக்கு ட்ராக் போயிடுச்சு. நம்ம தாத்தா காலத்துலயே இந்த ரோட்டுக்கு ரேஸ் தெரியும்.

ஒரு சின்னத்துல மூணு படி

கோடு இருந்தா எல்லாமே 'எம்' காரா? இல்ல. மூணு படி இருக்கு.

முதல் படி, எம் ஸ்போர்ட் பேக்கேஜ். இஞ்சின் சாதாரண கார் இஞ்சின்தான். பம்பர், ஸ்டீயரிங், வீல், பக்கத்துல ஒரு சின்ன சின்னம்.

ரெண்டாவது, எம் பெர்ஃபார்மன்ஸ். எம்340ஐ இந்த வகை. இஞ்சின், சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் ஒரு படி மேல, ஆனா முழு ரேஸ் ரத்தம் இல்ல.

மூணாவது, முழு எம். எம்2, எம்3, எம்5 மாதிரி 'எம்' எழுத்துக்குப் பக்கத்துல ஒரே ஒரு எண்.

அதனால கார் மேல மூணு கோடு பார்த்ததும் இஞ்சினைப் பத்தி முடிவு கட்ட முடியாது. எழுத்தையும் எண்ணையும் சேர்த்துப் படிக்கணும். சின்னத்துல வரிசையும் முக்கியம்: இடது பக்கம் வெளிர் நீலம், நடுவுல கருப்பு மாதிரி தெரியுற கரு நீலம், அப்புறம் சிவப்பு, அதுக்கு அப்புறம்தான் 'எம்'. நம்ம ஊர்க் கடைகள்ல சிவப்பை முதல்ல வெச்சு வெட்டின ஸ்டிக்கர் நிறைய தொங்குது.

சரியான நிறம்னா என்ன?

இங்கதான் நம்ம பாடம் ஆரம்பிக்குது. இன்டர்நெட்ல தேடினா ஆறு எழுத்து எண்ணுல ஒரு ஹெக்ஸ் கோடு கிடைக்கும். "இதைக் கொடுத்தா போதும், கடைக்காரர் அச்சடிச்சுடுவார்"னு நினைப்போம். ஹெக்ஸ் கோடு ஸ்க்ரீனுக்கான மொழி. சிவப்பு, பச்சை, நீல ஒளியை எவ்வளவு கலக்கணும்னு மட்டும் சொல்லும். பிரிண்டர்ல இருக்குறது ஒளி இல்ல, மை. சியான், மெஜென்டா, மஞ்சள், கருப்பு. போன்ல பளிச்னு தெரியுற நீலத்தை அந்த மைகளால அப்படியே கொண்டுவர முடியாது. பெரும்பாலும் மெஜென்டா கொஞ்சம் தூக்கலா விழுந்து நீலம் ஊதாப் பக்கம் சாயும். கரு நீலம் கேட்டவருக்கு 1973-ஓட ஊதா கிடைச்சுடும்!

இதுக்குத்தான் தொழில்ல வேற முறைகள். 1927-ல ஜெர்மனியில ஆரம்பிச்ச ரால் பெயின்ட் உலகத்துக்கு. 1963-ல வந்த பான்டோன் அச்சு உலகத்துக்கு. ரெண்டுலயும் ஒரு எண் சொன்னா உலகத்துல எந்த ஊர்லயும் ஒரே கார்டை எடுத்து வெச்சுப் பார்க்கலாம். ஆனா "பார்க்கலாம்"ங்கிறது கண்ணு. கண்ணு ஆளுக்கு ஆள் மாறும், காலைக்கும் சாயங்காலத்துக்கும் மாறும். அதனால கம்பெனிகள் கார்டோட நிறுத்துறது இல்ல, அளக்குறாங்க.

அளக்குற கருவி ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர். பெயின்ட் மேல வெச்சு அமுக்கினா மூணு எண் தரும். எல்: வெளிச்சம், 0 கருப்பு, 100 வெள்ளை. ஏ: மைனஸ்னா பச்சைப் பக்கம், பிளஸ்னா சிவப்புப் பக்கம். பி: மைனஸ்னா நீலம், பிளஸ்னா மஞ்சள். 1976-ல ஒளியூட்டலுக்கான சர்வதேச கமிஷன் கொண்டுவந்த முறை இது. முதல் வருஷ கணக்குல படிச்ச முப்பரிமாண ஆயத்தொலைவு மாதிரியே ஒவ்வொரு நிறமும் ஒரு புள்ளி. ரெண்டு புள்ளிக்கு நடுவுல உள்ள தூரம்தான் டெல்டா ஈ.

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் நான் உதாரணத்துக்கு வெச்சது. வேண்டிய சிவப்பு: எல் 45, ஏ 62, பி 38. வந்த ஸ்டிக்கர்: எல் 46, ஏ 60, பி 39. வித்தியாசம் 1, 2, 1. வர்க்கங்களைக் கூட்டினா 1 + 4 + 1 = 6. வர்க்கமூலம் சுமார் 2.45. டெல்டா ஈ 1-க்குக் கீழ இருந்தா சாதாரண கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 2, 3-ன்னு போனா பக்கத்துல பக்கத்துல வெச்சா தெரியும். நம்ம ஸ்டிக்கரைத் தனியா ஒரு பேனல்ல ஒட்டினா ஓகே. ஆனா பழைய கோடு இருக்குற பேனலுக்குப் பக்கத்துல புதுசா ஒட்டினா மாட்டிக்கும். கார் கதவும் ஃபெண்டரும், வேற வேற சப்ளையர்கிட்ட பெயின்ட் ஆகி வர்ற பம்பரும் ஒண்ணா சேரும்போது இதே தலைவலிதான். கும்மிடிப்பூண்டி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குவாலிட்டி டிபார்ட்மென்ட்ல வேலைக்குச் சேரப்போற நம்ம ஆளுங்க முதல் மாசத்துலயே இந்த டெல்டா ஈ-யைச் சந்திப்பாங்க. ஒரு லாட் திரும்பி வருதா இல்லையாங்கிறது இந்த ஒரு எண்ணுல இருக்கு.

வெளிச்சமும் ஸ்பெக்கோட பகுதி. பகல்ல ஒண்ணா தெரியுற ரெண்டு நீலம் டியூப் லைட்ல வேற வேறயா தெரியலாம். இதுக்கு மெட்டாமெரிசம்னு பேர். அதனால "பகல் வெளிச்சம், டி65"ன்னு வெளிச்சத்தையும் எழுதிக் கொடுப்பாங்க. இதோட உச்சத்தைப் பார்க்கணும்னா பழைய மஞ்சள் சோடியம் விளக்கு எரியுற இடத்துல இந்த மூணு கோட்டைப் பாருங்க. அந்த விளக்குல கிட்டத்தட்ட 589 நானோமீட்டர் அலைநீளம் மட்டும்தான் இருக்கு. நீலத்துக்குத் திருப்பி அனுப்ப ஒண்ணுமே இல்ல. வெளிர் நீலம் அழுக்குச் சாம்பலாவும், கரு நீலம் கருப்பாவும், சிவப்பு மங்கின பழுப்பாவும் தெரியும். கெத்து மொத்தமும் காலி.

ஒட்டுறதும் ஒரு இஞ்சினியரிங்

கார் மேல இருக்குற பெயின்ட் ஒரே பூச்சு இல்ல. இரும்பு மேல பாஸ்பேட், அதுக்கு மேல மின்சாரத்தால படியுற எலக்ட்ரோகோட் சுமார் 20 மைக்ரான், பிரைமர் 30, நிறம் கொடுக்குற பேஸ்கோட் 15, மேல பளபளக்குற கிளியர்கோட் 40. எல்லாம் சேர்ந்து 100 மைக்ரானைச் சுத்தி, அதாவது ஒரு ஜெராக்ஸ் பேப்பர் தடிமன். இதுக்கு மேலதான் நாம வினைலை ஒட்டுறோம்.

வினைல் ரெண்டு வகை. காலண்டர்டு வினைலை உருளைகளுக்கு நடுவுல இழுத்துத் தட்டையாக்குவாங்க. விலை கம்மி. ஆனா இழுத்த ஞாபகம் அதுக்குள்ள இருக்கும். நம்ம வெயில்ல சூடாகும்போது பழைய நிலைக்குச் சுருங்கும். ஓரத்துல பசை வெளிய தெரிஞ்சு, தூசி ஒட்டி, கோட்டைச் சுத்தி கருப்பா பார்டர் வரும். காஸ்ட் வினைலைத் திரவமா ஊத்திக் காய வைப்பாங்க. சுமார் 50 மைக்ரான், இழுவை இல்ல, சுருங்காது, வளைவுல நல்லா உட்காரும். விலை கூட. வளைவு இருக்குற இடத்துக்குக் காஸ்ட், தட்டையான இடத்துக்குக் காலண்டர்டுன்னு பிரிச்சா பட்ஜெட் தாங்கும்.

முதல்ல வெளுக்குறது சிவப்பு. சுவர்ல ஒட்டின பழைய சினிமா போஸ்டரைப் பாருங்க, சிவப்பும் மஞ்சளும் போய் நீலம் மட்டும் மிச்சம் இருக்கும். அச்சடிச்ச ஸ்டிக்கர்லயும் அதே கதிதான். அதனால அச்சடிச்சு வாங்காம, நிறம் உள்ளேயே கலந்த வினைலை மூணு துண்டா வெட்டி ஒட்டுனா ரொம்ப நாள் தாங்கும், மை கலப்புப் பிரச்சினையும் இல்ல. நம்ம பக்கம் பழவேற்காடு உப்புக்காத்து வேற. கீறல் மேல ஒட்டி மூடினா உள்ள துரு ஓடும். முதல்ல கீறலைச் சரி பண்ணிட்டு ஒட்டுங்க.

சொந்த வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்.சி.-யில வண்டியோட நிறம் பதிவாகியிருக்கும். மொத்த நிறத்தையும் மாத்தினா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லிப் பதிவு பண்ணணும்.

நம்ம வண்டிக்கு எந்தக் கோடு?

இப்போ டீம் விஷயம். அந்த மூணு கோடு ஒரு கம்பெனியோட வணிகச் சின்னம். வீட்டு பைக்ல ஒட்டுறது ஆசை, அதை விடுங்க. போட்டி மைதானத்துல, நம்ம காலேஜ் பேர் போட்ட வண்டியில அதை ஒட்டினா, நாம ராத்திரி பகலா வெல்டிங் பண்ணின வண்டியில இன்னொருத்தர் கையெழுத்து போட்ட மாதிரி.

நமக்கு ஏற்கனவே ரெண்டு நிறம் இருக்கு. பச்சை, சீனியர்கள் காலத்துலேர்ந்து வர்றது. ஆரஞ்சு, போன வருஷம் ஒரு கம்பெனி ஸ்பான்சர் பண்றதா வாயால சொல்லி, அவங்க நிறத்துக்காக நாம சேர்த்தது. காசு வரல. டீம்ல ஆளுக்கு ஆயிரம், ரெண்டாயிரம்னு போட்டுத்தான் வண்டியை ஓட்டினோம். "அந்த ஆரஞ்சைப் பார்த்தாலே கடுப்பா இருக்கு, தூக்கிடலாம்"னு ஜூனியர்ஸ் சொல்றது புரியுது. ஆனா டெக்சகோ கதையை இன்னொரு தடவை படிங்க. வராத ஸ்பான்சரோட சிவப்பை அவங்க அழிக்கல. அதுல ஓடினாங்க, ஜெயிச்சாங்க. இன்னைக்கு அந்தச் சிவப்பு ஆயில் கம்பெனியோடதுன்னு யாருக்கும் தோணுறது கூட இல்ல. நம்ம ஆரஞ்சுக்குக் காசு போட்டது நாமதான். அப்போ அது நம்ம நிறம்.

ஒரே ஒரு டெக்னிக்கல் சிக்கல். அவங்களை மாதிரி நடுவுல கலப்பு நிறம் வைக்கலாம்னா பச்சையும் ஆரஞ்சும் கலந்தா சேத்துப் பழுப்புதான் வரும். அதனால என் யோசனை: பச்சை, நடுவுல பேனலோட வெள்ளையே ஒரு இடைவெளியா, அப்புறம் ஆரஞ்சு. மூணு கோடு கணக்கு வந்துடும், வினைல் ரெண்டு நிறம்தான் வாங்கணும்.

முடிவு பண்ணின பிறகு ஒரே ஒரு பக்கத்துல ஸ்பெக் எழுதி வைங்க: ரெண்டு நிறத்துக்கும் பான்டோன் அல்லது ரால் எண், கோட்டோட அகலம் மில்லிமீட்டர்ல, இடைவெளி, சாய்வுக் கோணம், வினைல் வகை, பேனலோட எந்த ஓரத்துலேர்ந்து அளக்கணும். மிச்சம் விழுற வினைல் துண்டை அந்தப் பக்கத்துலயே ஒட்டி, வெயில் படாத ஃபைல்ல வைங்க. அடுத்த வருஷ டீம் அந்தத் துண்டை எடுத்துட்டுக் கடைக்குப் போனா போதும். இந்த வருஷம் எங்க பேட்ச் கிளம்புறோம். ஃபைல் லேப்ல மூணாவது அலமாரியில இருக்கு, முதல் பக்கம் காலியா விட்டிருக்கோம்.